அழைப்பில் பிள்ளையின் பெயர் மட்டும்: பிறந்தநாள் விழாவில் உடன் இருப்பதா, விட்டுவிட்டு வருவதா?

இங்கிலாந்துக்குக் குடிவந்து, பிள்ளையை ரிசப்ஷன் எனப்படும் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்த்த சில வாரங்களுக்குள் புத்தகப்பையின் அடியிலிருந்து கசங்கிய வண்ண உறை ஒன்று வெளிப்படும். உள்ளே இருக்கும் அட்டையில் பிள்ளையின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். ‘தங்கள் குடும்பத்தாருடன் வருகை தந்து’ என்ற வரியைத் தேடினாலும் கிடைக்காது. சனிக்கிழமை பதினொரு மணி முதல் ஒரு மணி வரை, இன்ன இடம், இன்ன தேதிக்குள் பதில் சொல்லவும் என்று ஒரு கைப்பேசி எண், அவ்வளவுதான். விசேஷம் என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோருமாகக் கிளம்பிப் பழகிய நமக்கு இந்த அட்டையைப் பார்த்ததும் குழப்பம் வருகிறது. நாமும் போகலாமா? போகக் கூடாதென்றால், பள்ளி வாசலில் இரண்டு முறை புன்னகைத்ததைத் தவிர வேறு பழக்கமில்லாத ஒருவரிடம் நான்கு வயதுப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு எப்படித் திரும்புவது?

எங்கள் மூத்தவளுக்கு வந்த முதல் அழைப்புக்கு நாங்கள் நான்கு பேருமாகப் போனோம். சாஃப்ட் ப்ளே எனப்படும் உள்விளையாட்டுக் கூடத்தில் விழா நடந்தது. வாசலில் நின்ற பெண் தாளைப் பார்த்து மூத்தவளின் மணிக்கட்டில் பச்சைப் பட்டையை ஒட்டிவிட்டு, என் இடுப்பில் இருந்த இரண்டு வயது இளையவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் பெயர் பட்டியலில் இல்லை. பிறந்தநாள் குழந்தையின் தாய் ஓடிவந்து, ஒன்றும் சொல்லாமல் தன் கைப்பையைத் திறந்து வங்கி அட்டையை எடுத்தபோதுதான் என் கணவருக்கு விஷயம் புரிந்தது. அவர் முந்திக்கொண்டு பணம் கட்டினார். ஆனாலும் அன்று முழுவதும் நான் அந்த அம்மாள் கண்ணில் படாமல் காப்பி மேசைப் பக்கமே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகளில் எத்தனையோ விழாக்களுக்குப் போய், சிலவற்றை நாங்களே நடத்தியும் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: வயதை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. பிள்ளையின் பொறுப்பு உங்களிடமிருந்து விழா நடத்துபவருக்கு வாய்விட்டுச் சொல்லி மாறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாறாத நிலையில் நழுவிவிடுவது தவறு. மாறிய பிறகும் நகராமல் நிற்பது, தவறில்லை என்றாலும், அவருக்குச் சுமை.

சட்டமும் வழக்கமும்

பிறந்தநாள் விழாவில் பெற்றோர் இருந்தே தீர வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் எதுவும் இல்லை. இன்ன வயதுக்கு மேல்தான் பிள்ளையைத் தனியே விடலாம் என்ற வரையறையும் சட்டத்தில் இல்லை. ஆபத்து நேரும்படி விடுவதுதான் குற்றம். 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் மூன்றாம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு மட்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது: பெற்றோருக்குரிய சட்டப் பொறுப்பு இல்லாத ஒருவர், தம் கவனிப்பில் இருக்கும் பிள்ளையின் நலனைக் காக்க அந்தச் சூழலில் நியாயமானதைச் செய்யலாம் என்று அது சொல்கிறது. நீங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டில் பிள்ளை விழுந்து கையை முறித்துக்கொண்டால், அந்த வீட்டுக்காரர் உங்கள் வரவுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு இதுவே துணை. பொறுப்பு மாறுவது வெறும் உபசார வார்த்தை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வழக்கத்தைப் பொறுத்தவரை எங்கள் வட்டாரத்தில் நான் கண்டது இது. நர்சரியிலும் ரிசப்ஷனிலும் பெற்றோரில் ஒருவர் உடன் இருப்பார். யாரும் கேட்கவே மாட்டார்கள். அதற்கடுத்த வகுப்பான இயர் ஒன்னில் பாதிப்பேர் இருப்பார்கள், பாதிப்பேர் போய்விடுவார்கள். சண்டையும் சங்கடமும் வருவது இந்த ஆண்டில்தான். இயர் டூ முதல் விட்டுவிட்டு வருவதே இயல்பு, இருக்க விரும்புகிறவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் வகுப்பை வைத்துக் கணக்குப் போடுவதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. இங்கே பள்ளி ஆண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான பிறந்த தேதிகளை ஒரே வகுப்பில் போடுகிறது. செப்டம்பரில் பிறந்த பிள்ளை ரிசப்ஷனுக்குள் நுழைந்ததுமே ஐந்தை முடித்துவிடும். அதே வகுப்பில் ஆகஸ்டு கடைசியில் பிறந்த பிள்ளைக்கு அப்போதுதான் நான்கு முடிந்திருக்கும். அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் தாய் ‘எல்லோரும் விட்டுவிட்டுப் போகலாம்’ என்று எழுதினால், தன் பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார். உங்கள் பிள்ளை அதைவிட ஏறக்குறைய ஓராண்டு சிறியதாக இருக்கலாம்.

1. அழைப்பை வரிவரியாகப் படியுங்கள்

அட்டையில் சிறிய எழுத்தில் விடை ஒளிந்திருப்பதுண்டு. ‘டிராப் ஆஃப்’ என்று இருந்தால் விட்டுவிட்டுப் போகும்படி பொருள். ‘பெற்றோருக்குத் தேநீர் உண்டு’ என்று இருந்தால் இருக்கச் சொல்கிறார்கள். ‘உடன்பிறந்தாரும் வரலாம்’ என்ற வரி இல்லையென்றால் இளையதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் முன்கூட்டியே கேட்டு, கூடத்தின் நுழைவுக் கட்டணத்தை நீங்களே கட்டிவிட வேண்டும். அப்படிக் கட்டினாலும் உணவு மேசையில் அதற்கு நாற்காலி இருக்காது, கடைசியில் கொடுக்கும் பார்ட்டிப் பையும் இருக்காது என்பதை வீட்டிலேயே அதனிடம் சொல்லி வையுங்கள். பெற்றோர் இருக்கலாம் என்றாலும் அது ஒருவரைத்தான் குறிக்கும்.

கெடுத் தேதிக்குள் வருகிறோம் அல்லது வரவில்லை என்று திட்டமாகப் பதில் அனுப்புங்கள். ‘முடிந்தால் வருகிறோம்’ என்பது நம் ஊரில் நாகரிகமான பதில். இங்கே அது பதிலே அல்ல. பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறார்கள், பார்ட்டிப் பைகளைக்கூட எண்ணித்தான் வாங்குகிறார்கள்.

2. இடம் எப்படிப்பட்டது என்று பாருங்கள்

அழைத்தவர் என்ன சொன்னாலும், இடம் சில வேளைகளில் முடிவைத் தானே எடுத்துவிடுகிறது.

சாஃப்ட் ப்ளே கூடங்கள் இரண்டு மூன்று அடுக்காக வலையும் குழாயும் சறுக்குமரமுமாக இருக்கும்; விழாவுக்கு வந்த பிள்ளைகளோடு பொதுமக்களின் பிள்ளைகளும் அதே வலைக்குள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளைக் கவனிப்பது உடன் வந்த பெரியவர்களின் பொறுப்பு என்று வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். உச்சி அடுக்கில் ஏறிவிட்டு இறங்கப் பயந்து அழும் பிள்ளையை மீட்க யாராவது ஒருவர் அந்தக் குழாய்க்குள் தவழ வேண்டும். அது நீங்களாக இருப்பதுதான் முறை. ஆகவே ஆறு வயதுவரை இங்கே இருந்துவிடுங்கள், காலுறையை மறக்காமல் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே விற்கும், பனித்தூள் போன்ற நிறமேற்றிய ஸ்லஷ் பானத்தில் ஒரு கண் வையுங்கள். அதில் சேர்க்கப்படும் கிளிசரால் சிறு பிள்ளைகளுக்குத் தலைவலி, வாந்தி முதல் மயக்கம் வரை உண்டாக்கலாம் என்பதால், ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத்தர முகமை 2025இல் தன் அறிவுரையை மாற்றியது. விழாத் தொகுப்போடு இலவசமாக வருகிறதே என்று யாராவது உங்கள் பிள்ளையின் கையில் நீட்டினால், மறுப்பதற்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தேவாலயக் கூடங்களும் சமுதாயக் கூடங்களும் வாடகை குறைவு என்பதால், வகுப்பு முழுவதையும் அழைக்கும் விழாக்கள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். சிறுவர் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் கூடாதென்பது இங்கே சட்டம் என்பதால், முப்பது பேர் ஓடிக்கொண்டிருக்கும் கூடத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். இந்தக் கூடங்களில் கதவு வண்டிகள் நிற்கும் இடத்தை நோக்கித் திறக்கும். பரிசோடு வருபவர், பலூனோடு போகிறவர் என்று அது மூடாமலே கிடக்கும். ரிசப்ஷன் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு வராதீர்கள். பூங்காவில் நடக்கும் விழாவுக்கும் இதே விதிதான்.

வெளியில் காற்றடைத்த கோட்டை வைத்திருந்தால் அது ஆறு முளைகளிலாவது கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு சுற்று வந்து பாருங்கள். மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வீசினால் அதைப் பயன்படுத்தக் கூடாதென்பது பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை சொல்லும் விதி. இதைச் சொன்னால் கேலி செய்வார்களோ என்று நான் ஒரு முறை தயங்கினேன். பிறந்தநாள் பிள்ளையின் தாத்தாவே வந்து நன்றி சொல்லி, இரண்டு முளைகளை மறுபடி அடித்தார்.

நீச்சல் குளத்தில் விழா என்றால் பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலான பொதுக் குளங்களில் எட்டு வயதுக்குட்பட்டவரோடு பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். பெண்கள் நீச்சலுடை இல்லை, வெட்கம் என்று கரையில் நின்றுகொள்வதை ஊழியர்கள் ஏற்பதில்லை. கையும் காலும் மூடிய நீச்சலுடைகள் கடைகளில் கிடைக்கின்றன.

வீட்டில் நடக்கும் விழாவில்தான் விட்டுவிட்டு வருவதற்கு மிகுந்த நியாயம் இருக்கிறது. ஆறேழு பிள்ளைகள், பூட்டிய வாசல், சின்ன முன்னறை. அங்கே பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று சோபாவை நிறைத்து உட்கார்ந்தால் பிள்ளைகள் விளையாட இடமிருக்காது, வீட்டுக்காரர் நமக்குத் தேநீர் போட்டே ஓய்ந்துவிடுவார்.

3. உங்கள் பிள்ளையைப் பற்றி மூன்று கேள்விகள்

தனியாகக் கழிப்பறைக்குப் போய்வரத் தெரியுமா? கதவு திறந்திருந்தாலும் சொல்லாமல் வெளியே போகாமல் இருக்குமா? அடிபட்டால், தாகமெடுத்தால், பிடிக்காததை யாராவது செய்தால், பழகாத பெரியவரிடம் போய் ஆங்கிலத்தில் சொல்லுமா? மூன்றுக்கும் தயக்கமில்லாமல் ஆம் என்றால் விட்டுவிட்டு வருவதைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்றாவது கேள்வி நம் பிள்ளைகளுக்கே உரியது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை, பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொண்ட பிறகும், அவசரம் என்றால் தமிழுக்குத்தான் திரும்பும். மூத்தவளின் வகுப்புத் தோழி வீட்டில் ஒரு முறை, இருபது நிமிடம்தானே என்று நான் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். திரும்பியபோது அறையின் நடுவில் எங்கள் மூத்தவள் இரு கால்களையும் பின்னிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முன்னால் அந்த வீட்டுத் தாய் மண்டியிட்டு, முகமெல்லாம் அக்கறையாக, மெல்லிய காகிதக் கைக்குட்டையை மூக்கருகே நீட்டிக்கொண்டிருந்தார். அவள் ‘உச்சா, உச்சா’ என்று சொல்லியிருக்கிறாள். அவர் அதைத் தும்மல் என்று நினைத்துக்கொண்டார். இங்கே தும்மலை ‘அச்சூ’ என்பார்கள். இருவர் மேலும் பிழையில்லை. அன்றிரவே ‘டாய்லெட் ப்ளீஸ்’, ‘இட் ஹர்ட்ஸ்’, ‘ஐ வாண்ட் மை மம்’ ஆகிய மூன்று வாக்கியங்களையும் பொம்மையை வைத்து நடித்துப் பழக்கினோம். வீட்டில் தமிழ் பேசுவதை இதற்காக விட்டுவிடாதீர்கள். மூன்று வாக்கியம் போதும்.

4. கேட்டுவிடுங்கள்

கேட்பது அறியாமையாகத் தெரியும் என்று நாம் கூச்சப்படுகிறோம். உள்ளூர்ப் பெற்றோருக்கும் இயர் ஒன்னில் இதே குழப்பம்தான் என்பது அவர்களோடு பழகிய பிறகுதான் தெரிய வந்தது. வருகிறோம் என்று பதில் அனுப்பும்போதே ‘பெற்றோர் இருக்கிறார்களா, விட்டுவிட்டுப் போகலாமா? எனக்கு இரண்டும் சரியே’ என்று சேர்த்து எழுதுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்கவே கேட்காதீர்கள்: அழைக்கப்படாத பிள்ளைகளின் பெற்றோரும் அதில் இருக்கிறார்கள்.

வரும் பதிலைச் சரியாகப் படிப்பதும் ஒரு கலை. ‘உங்களுக்கு எது வசதியோ’ என்று வந்தால், இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீங்கள் இருப்பதென்றால் தாராளமாக இருக்கலாம்’ என்று வந்தால், மற்றவர்கள் போகிறார்கள், உங்களுக்காக விதிவிலக்கு தருகிறார் என்று பொருள். ‘இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள்’ என்றால் உண்மையிலேயே போகச் சொல்கிறார்.

பிள்ளை இன்னும் தயாராகவில்லை என்று தோன்றினால், எல்லோரும் போனாலும், ‘அவளுக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம், முதல் அரைமணி இருந்துவிட்டுப் போகிறேன்’ என்று சொல்லுங்கள். இதை மறுத்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

5. இருப்பதென்றால் எப்படி இருப்பது

ஓரமாக, பிள்ளை திரும்பிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் பின்னாலிருந்து முதுகைத் தள்ளாதீர்கள். பாட்டு நிற்கும்போது கையில் இருப்பவர் ஒரு தாளுறையைப் பிரிக்கும் ‘பாஸ் தி பார்சல்’ விளையாட்டில், உங்கள் பிள்ளையிடம் பொட்டலம் நிற்காமல் போனால் அழட்டும். அடுத்த சுற்றுக்குள் மறந்துவிடும்.

சாப்பாட்டு நேரம் நமக்குச் சோதனை. அந்த மேசையில் இருக்கும் பீட்சாவும் சீஸ் சாண்ட்விச்சும் வெள்ளரித் துண்டும் பிள்ளைகளுக்கு எண்ணி வைத்தவை. பெரியவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கிடைத்தால் அதுவே உபசாரம். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்து ஊட்டிவிடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அடக்க முடியாமல் ஊட்டிவிட்டார். எதிரிலிருந்த மூன்று பிள்ளைகள் தங்களுக்கும் என்று வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றார்கள் என்பது வேறு கதை.

உதவுவதில் தயக்கம் வேண்டாம். காகிதத் தட்டைப் பொறுக்குவது, பழச்சாறு ஊற்றுவது, சிந்தியதைத் துடைப்பது எதற்கும் அனுமதி கேட்கத் தேவையில்லை. புதிதாக வந்தவர்களுக்கு இதில் இன்னொரு பலனும் உண்டு: வகுப்பில் யார் நல்லவர், எந்த மருத்துவர் வேகமாகப் பார்ப்பார், எந்தக் கடையில் சீருடை மலிவு என்பதையெல்லாம் நான் கேட்டறிந்தது இந்தத் தட்டுப் பொறுக்கும் நேரங்களில்தான். படம் எடுக்கும்போது உங்கள் பிள்ளையை மட்டும் எடுங்கள். மற்றப் பிள்ளைகள் இருக்கும் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் எங்கும் ஏற்றாதீர்கள்.

6. விட்டுவிட்டு வருவதென்றால்

கார் கண்ணாடியை இறக்கிக் கையசைத்துவிட்டுப் போகக் கூடாது. உள்ளே போய், விழா நடத்துபவரின் கண்ணைப் பார்த்து, ‘நான் இப்போது கிளம்புகிறேன், ஒரு மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகு கிளம்புங்கள். உங்கள் எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இருக்கிறதே என்று நினைத்தால், ‘இன்னாரின் மம்’ என்றிருக்கும் முப்பது பெயர்களுக்கிடையில் அவர் உங்களைத் தேட வேண்டியிருக்கும். கைப்பேசியின் ஒலியை ஏற்றி வைத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பக்கூடிய தொலைவிலேயே இருங்கள். அழைத்துப்போக வருபவர் வேறொருவர் என்றால் அவர் பெயரை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளையிடமும் சொல்லிக்கொள்ளுங்கள். விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது கண் மறைவாய் நழுவிவிடுவது நம் வீடுகளில் பழைய உத்தி. அடுத்த விழாவில் அந்தப் பிள்ளை உங்கள் துப்பட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு மணி என்று சொன்னால் அதற்குப் புரியாது. ‘கேக் வெட்டிப் பாட்டுப் பாடி முடித்ததும் வாசலில் நான் நிற்பேன்’ என்று சொன்னால் புரியும். கேக் கடைசி அரைமணியில்தான் வரும் என்பதால் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். வெட்டிய துண்டைப் பெரும்பாலும் அங்கே தர மாட்டார்கள், காகிதக் கைக்குட்டையில் சுற்றிப் பார்ட்டிப் பையில் போட்டுவிடுவார்கள்.

7. உணவும் ஒவ்வாமையும்

சைவக் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஜெலட்டின். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, மெல்லும் மிட்டாய் பலவற்றில் பன்றி அல்லது மாட்டு ஜெலட்டின் இருக்கிறது. சாசேஜ் ரோலில் பன்றி இறைச்சி இருக்கும். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் விழா நடத்துபவருக்கு இறைச்சி நினைவுக்கு வரும், மிட்டாய் வராது. முன்கூட்டியே எழுதுங்கள்; ஆனால் ஒரு மிட்டாய் தவறி வாய்க்குள் போனதற்காக விழா முடிந்த பிறகு சண்டை போடாதீர்கள். அது உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் உடன் இருப்பதுதான் வழி.

ஒவ்வாமை அப்படியல்ல. கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசிப்பேனா வைத்திருக்கும் பிள்ளையை, அதைப் பயன்படுத்தத் தெரிந்த பெரியவர் அங்கே இல்லாமல் விட்டுவிட்டு வரக் கூடாது. எந்த வயதானாலும் சரி. இரண்டு பேனாக்களை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை முகமையின் அறிவுரை. தொடையின் வெளிப்புறத்தில் குத்திவிட்டு, பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி (மூச்சுத் திணறினால் நிமிர்ந்து உட்காரவைத்து), அவசர உதவிக்கான 999 எண்ணை அழைத்து ‘அனாஃபிலாக்ஸிஸ்’ என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாம் பேனா.

8. அழைப்பது நீங்களாக இருந்தால்

நம் வீட்டு விழா ஐந்து மணி என்றால் ஆறரைக்குத்தான் களைகட்டும் என்பது நமக்குத் தெரியும். பள்ளித் தோழர்களின் பெற்றோருக்குத் தெரியாது. எங்கள் முதல் விழாவுக்கு அவர்கள் சரியாக ஐந்து மணிக்கு வந்து, நான் இன்னும் நாற்காலி விரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி பரிசுப் பொட்டலத்தோடு நின்றார்கள். ஏழு மணிக்குப் பிரியாணி அண்டாவின் மூடி திறக்கும் முன்பே பிள்ளைகளுக்குத் தூக்க நேரம் என்று கிளம்பியும் விட்டார்கள். அப்போதிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலில் இரண்டு மணி நேரம், சொந்தபந்தங்களுக்கு மாலையில் என்று பிரித்துவிட்டோம். லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் கூடம் எடுத்துப் பெரிதாகச் செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்.

அழைப்பில் ஒரே வரியில் உங்கள் எதிர்பார்ப்பை எழுதிவிடுங்கள்: பெற்றோரில் ஒருவர் இருக்க வேண்டும், அல்லது விட்டுவிட்டுப் போகலாம். நம் விருந்தோம்பல் பழக்கத்தில் ‘உங்கள் விருப்பம்’ என்று எழுதினால் பாதிப்பேர் வீட்டில் குழம்பிக்கொண்டிருப்பார்கள். விட்டுவிட்டுப் போகச் சொன்னால் கைகளை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்து நர்சரிகளில் மூன்று வயது கடந்த எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர் என்பது பொது அளவு. வீட்டு விழாவுக்கு அந்த விதி செல்லாது என்றாலும், பயிற்சி பெற்றவர்களுக்கே அதுதான் அளவு என்றால் கேக்கையும் கவனித்துக்கொண்டு நாம் அதைத் தாண்டக் கூடாது. ஒருவர் வாசலுக்கு மட்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். வாசலில் ஒரு தாளை வைத்து, விட்டுவிட்டுப் போகும் ஒவ்வொருவரிடமும் எண், ஒவ்வாமை, அழைத்துப்போக வருபவர் பெயர் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

பலகாரத்தில் நம்மவர் சறுக்கும் இடம் ஒன்று. பிரிட்டனில் உணவு விற்பவர்கள் அறிவித்தே ஆக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. கடுகு தாளிக்காத நம் சமையல் குறைவு. ஆகவே உருளைக்கிழங்கு மசாலா வைத்த சமோசாவோ எள்ளுருண்டையோ வைத்தால் பக்கத்தில் சிறு அட்டையில் எழுதி வையுங்கள். முந்திரி தூவிய கேசரியும் அப்படியே. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பருப்புகளும் பாப்கார்னும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிட ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அவையும் தொண்டையில் அடைப்பவை.

எல்லோரும் போன பிறகும் ஒரு பிள்ளை மட்டும் மிஞ்சி நிற்கும் நாள் வரும். சொன்ன நேரம் கடந்து கால்மணி ஆயிற்று என்றால் தாளில் உள்ள எண்ணை அழையுங்கள். பக்கத்துத் தெருதான், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று இன்னொரு பெற்றோர் முன்வந்தாலும், பிள்ளையின் வீட்டார் தொலைபேசியில் சம்மதம் சொல்லாமல் அனுப்பாதீர்கள். அதுவரை ‘உன் அம்மா ஏன் வரவில்லை’ என்று கேட்காமல், நாற்காலி மடக்கவும் பலூன் கட்டிய நூலைச் சுருட்டவும் அந்தப் பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கடைசியாக நின்ற சிறுவன் நாற்பது நிமிடம் என்னோடு பாத்திரம் துடைத்தான். அவன் அப்பா ரயில் நின்றுபோன கதையை மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தபோது, இன்னும் இரண்டு கிண்ணம் பாக்கி இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றான்.